மூன்று ஷிஃப்டிலும் உப்பு விழுந்த தொட்டி

மீன் தொட்டித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் வளர்ப்பது எளிது. தொட்டிக்குள் செடி வளர்ப்பது கொஞ்சம் கஷ்டம். நெய்வேலியில் வாடிக்கையாளரைச் சமாளிப்பதுதான் உயிரை எடுக்கிற வேலை. வேறு ஊர்களில் கடைக்கு வருகிறவர், என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். இங்கே வருகிறவர் தான் என்ன செய்தேன் என்று நமக்கு வகுப்பு எடுப்பார். ஒருவர் பாய்லர் பார்க்கிறவர், ஒருவர் பம்ப் பார்க்கிறவர், இன்னொருவர் லேபில் தண்ணீர் சோதிக்கிறவர். தண்ணீரைப் பற்றி அத்தனை பேருக்கும் நம்மைவிட அதிகம் தெரியும். வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அந்த அறிவையும் சேர்த்து வாசலில் கழற்றிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கடையை ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகும் போன் வருவது நிற்கவில்லை. பாதி போன் உப்பைப் பற்றித்தான். "அக்கா, மீன் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. கல் உப்பு போடலாமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் பலரிடம் கத்தியிருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, அது டவுன்ஷிப் முழுக்கத் தெரியும்.

அதற்காக உப்பு என்றாலே விஷம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு இன்ஜினியர் இருந்தார். செடிக்குச் சுத்தமான தண்ணீர்தான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கேன் கேனாக வாங்கித் தொட்டியை நிரப்பினார். செடியெல்லாம் வெளிறிப்போயின. நத்தைகளின் ஓடு அரித்துப்போனது. "இதைவிட சுத்தமான தண்ணி கிடையவே கிடையாது மேடம்" என்று என்னிடமே வாதாடினார். சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் உப்பு வடிவில் தண்ணீரில் இருப்பவைதான், அதைத்தான் செடி சாப்பிடுகிறது, நீங்கள் காலித் தட்டைக் கழுவிக் கழுவி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். அதன்பிறகு குழாய்த் தண்ணீருக்கு மாறினார். எந்த உப்பு, எவ்வளவு, எத்தனை தடவை என்பதெல்லாம் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம். யார் போடுகிறார்கள் என்பது எந்த வீடியோவிலும் வராது. தனசேகர் வீட்டுத் தொட்டிதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது.

தனசேகர் பாய்லர் ஆபரேட்டர். மனைவி மகேஸ்வரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. இவர் உள்ளே நுழையும்போது அவள் வெளியே கிளம்பிக்கொண்டிருப்பாள். கூட இருப்பவர் தனசேகரின் அப்பா. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெல் விவசாயம் பார்த்துவிட்டு மகனோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவர். அவர்கள் ஹாலில் இருந்த நாலடித் தொட்டி நான் வைத்துக்கொடுத்தது. பின்பக்கம் முழுக்க வாலிஸ்னேரியா, ரிப்பன் மாதிரி நீளமாக வளர்ந்து நீர்மட்டத்தில் மடங்கிக் கிடக்கும். நடுவில் ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஆரஞ்சு உடம்பும் கறுப்புப் பட்டையுமாக நாலைந்து க்ளவுன் லோச் மீன்கள். அதில் பெரியதற்கு அந்த வீட்டில் ஃபோர்மேன் என்று பெயர். தொட்டியில் எது நடந்தாலும் முதலில் வந்து மூக்கை நுழைக்கும். பிறகு டியூட்டி நேரத்திலேயே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிடும். இந்த ஜாதி மீனுக்கு அப்படிப் படுப்பது வழக்கம். தெரியாதவர்கள் செத்துவிட்டது என்று அலறுவார்கள்.

கடை என் கையில் இருந்த காலம். அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஒரு காலை மகேஸ்வரி கடைக்கு வந்தாள். நைட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கூழாகிப்போன வாலிஸ்னேரியா இலை.

"செடியெல்லாம் கரையுதுக்கா. ஃபோர்மேன் மேல வெள்ளைப் புள்ளி இருந்துச்சு, வயிறு வேற உப்பின மாதிரி தெரிஞ்சுது. அதான் எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன் போட்டேன். ஒரே ஒரு தடவைதான். அவருக்குத் தெரிய வேண்டாம்."

எப்சம் உப்பு என்பது பேதிக்குக் கொடுக்கிற மக்னீசிய உப்பு, அதில் ஒரு ஸ்பூனுக்கு நாலடித் தொட்டியின் செடி கரையாது. இதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் வெளியே பஸ் வந்தது, ஓடிவிட்டாள்.

அன்று சாயங்காலமே தனசேகர் வந்தார். போனில் எடுத்த போட்டோவைக் காட்டினார். தொட்டி பாசிக் கஷாயம் மாதிரி இருந்தது.

"யூடியூப்ல பார்த்தேங்கா. வெள்ளைப் புள்ளிக்கு சமையல் உப்புதான் மருந்துன்னு ஒருத்தர் அடிச்சிச் சொல்றாரு. ஒரு கை போட்டேன். ஒரு தடவைதான். அவளுக்குத் தெரிய வேணாம்."

"அவளுக்கு ஏன் தெரியக் கூடாது?"

"அத வுடுங்கக்கா."

மறுநாள் பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். புழுத் தீனி வேண்டும் என்றார். போன வாரம்தான் வாங்கியிருந்தார். பாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் காத்திருந்தேன்.

"வெயிலு தாங்காம தண்ணி தெனம் கொறையுதும்மா" என்று மெல்ல ஆரம்பித்தார். "பக்கெட்ல புடிச்சி ஊத்திகினு வரேன். ஊத்தசொல்லோ கொஞ்சம் கல்லுப்பு கரைச்சி ஊத்தறேன். மாட்டுக்கே உப்பு வெக்கறோம், மீனுக்கு வெச்சா என்னா? ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்."

"தினமுமா?"

"தண்ணி கொறஞ்சா உப்பும் கொறஞ்சிருக்கும் இல்லிங்களா?"

எனக்குத் தலை சுற்றியது. புதியவர்களே, இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போவதில்லை. குறைந்த தண்ணீரை வெறும் தண்ணீராகத்தான் நிரப்ப வேண்டும். உப்பை வெளியே எடுக்க ஒரே வழி, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே எடுப்பது. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் எனக்கு இந்தத் தொழிலைக் காட்டிக்கொடுத்த மொத்த வியாபாரி, செடித் தொட்டியில் உப்பு வைத்தியமே கூடாது, வியாதி மீனைத் தனி டப்பில் எடுத்து அங்கே வைத்தியம் பார் என்பார். செடியில்லாத தொட்டியிலேயே லோச் மாதிரி செதில் பொடியான மீன்களுக்கு அவர் பயந்து பயந்துதான் உப்பு காட்டுவார். இங்கே மூன்று பேர் மூன்று வகை உப்பை ஷிஃப்ட் போட்டுக் கொட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் சொன்ன 'ஒரு தடவை'யை நான் நம்பத் தயாராக இல்லை.

பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். "ஏன் ஐயா ஆளுக்கு ஆள் ஒளிச்சிகினு செய்யறீங்க? அது மீன் தொட்டி, சாராய ஊறல் இல்ல" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.

"பொங்கல்லேர்ந்து ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லம்மா. எம்மவன் குறிஞ்சிப்பாடி ரோட்ல மனை வாங்க அட்வான்ஸ் குடுத்துட்டான். அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. வேற யாரோ சொல்லி அவளுக்குத் தெரிஞ்சிப்போச்சி."

எனக்குப் புரிந்தது. குவார்ட்டர்ஸில் இருக்கிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தச் சண்டைதான். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அப்புறம் எந்த ஊரில் வீடு கட்டுவது என்பது கல்யாணமான மறுநாளே ஆரம்பிக்கும். மகேஸ்வரிக்குத் திருநெல்வேலி. தனசேகருக்கு இந்தப் பக்கம். அதைப் பேசி முடிக்காமல் தனசேகர் தனியாகப் போய் மனையை முடித்திருக்கிறார்.

"சண்ட போட்டாகூட பரவால்லம்மா. சத்தமே இல்ல. அவ வந்து மீன்கிட்ட சொல்லுவா, 'ஃபோர்மேன், கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணச் சொல்லு'ன்னு. இவன் உள்ள படுத்துகினு கேட்டுகினு இருப்பான். அவ டூட்டிக்குப் போனதும் இவன் வந்து, 'ஃபோர்மேன், கேஸ் போட்டாச்சு'ன்னு சொல்லுவான். நான் பாத்துகினே இருக்கேன். அந்த மீனு செத்துப் பூட்டுதுன்னா இதுங்க யாருகிட்டம்மா பேசும்? அவ பொட்டியத் தூக்கிகினு ஊருக்குப் போயிருவா."

கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் வந்த சிரிப்பு அப்படியே நின்றது. அந்த மீனைக் காப்பாற்றாமல் விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரையும் இரண்டு பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் ரகசியம் சொல்லியிருக்கிறார்கள். அதை உடைத்தால் அந்த வீட்டில் மூன்றாவது உலகப் போர். உடைக்காவிட்டால் நான் வந்து போனதும் மூன்று பேரும் பழையபடி உப்பு டப்பாவைத் திறப்பார்கள்.

உள்ளே நுழைந்தால் தனசேகர் தொட்டிக்கு முன் நிற்கிறார். ஒரு கையில் ஹோஸ் பைப், அதன் மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே பலா மரத்தடிக்குப் போகிறது. தொட்டித் தண்ணீர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி உள்ளே தூங்குகிறாள் என்பதால் அந்த ஆளின் பதற்றமெல்லாம் கிசுகிசுப்பாக வந்தது.

"ஃபோர்மேன் மூச்சு வாங்குதுக்கா. மொத்தத் தண்ணியையும் எறக்கிட்டு புதுசா ரொப்பிடறேன். ஒரே அடியா முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்தான். மொதல்ல அந்தப் பைப்ப எடு."

"உப்புத் தண்ணி வெளிய போனா நல்லதுதானக்கா?"

ஃபோர்மேன் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அது தூக்கமா, சாவா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது. தூங்குகிற லோச்சின் செவுள் நிதானமாக அசையும். மீட்டரைத் தண்ணீரில் வைத்தேன். அது காட்டிய எண்ணைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டதோ என்று குழாய்த் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில்தான் உங்கள் கை பரபரக்கும். எதையாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றும். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று செய், செய் என்பார். நாள் கணக்கில் உப்பு ஏறிய தண்ணீருக்கு அந்த மீனின் உடம்பு எப்படியோ பழகித் தொலைத்திருக்கும். அதைத் திடீரென்று வெறும் தண்ணீருக்கு மாற்றினால் தாங்காது. இதைத் தனசேகருக்கு எப்படிச் சொல்வது? மீன் பாஷையில் சொன்னால் புரியாது. அவர் பாஷையில் கேட்டேன்.

"சூடா ஓடிக்கினு இருக்கிற பாய்லர் டிரம்முல பச்சத் தண்ணிய ஒரே அடியா வுடுவியா தம்பி?"

அவர் முகம் மாறியது. "ஐயோ, கிராக் வுட்டுடும்."

"ஆவி போகப் போக பாய்லர் தண்ணியில உப்பு ஏறுமே, அதுக்கு என்னா செய்வீங்க?"

"ப்ளோ டவுன் குடுப்போம். கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பைப்பை எடுத்துக் கீழே வைத்தார். தினமும் அந்த வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து உப்பு போட்ட மனிதருக்கு நான் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நிறைய சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மகேஸ்வரி எழுந்து வந்துவிட்டாள். பின்னாலேயே பெரியவரும் வந்து நின்றார்.

மூவரும் என்னையே பார்த்தார்கள். காட்டிக்கொடுத்துவிடாதே என்று மூன்று ஜோடிக் கண்களும் கெஞ்சின. நான் மீட்டரைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்தக் கருவி யாரு பேரையும் சொல்லாது. ஆனா ஒண்ணு சொல்லுது. இவ்ளோ உப்ப ஒரு ஆளு ஒரு தடவையில போட முடியாது. இந்த வூட்ல எத்தனை பேரு இருக்கீங்களோ அத்தனை பேரு உப்பும் இதுல இருக்கு."

தனசேகர் மின்விசிறியைப் பார்த்தார். மகேஸ்வரி செடியைப் பார்த்தாள். "அந்த உப்புத் தண்ணி பலாவுக்கு ஆவாதே" என்று பெரியவர் மட்டும் ஜன்னலை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டார்.

நான் வேலையைச் சொன்னேன். தொட்டியில் காற்று பம்பைக் கூட்டி வைக்க வேண்டும். கூழான இலைகளை வெட்டி எடுக்க வேண்டும், வேர் உயிரோடு இருந்தால் வாலிஸ்னேரியா திரும்பி வரும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பக்கெட் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, பிடித்து ஆறவைத்த குழாய்த் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. உப்பு டப்பா சமையலறையை விட்டு வரவே கூடாது.

"எடுத்தவங்க, அடுத்து டியூட்டிக்கு வரவங்ககிட்ட வாயால சொல்லணும்" என்றேன். "இல்லன்னா உப்பு மாதிரியே தண்ணியையும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் மாத்துவீங்க. இந்தத் தொட்டி முன்னாடி நின்னு, நேருக்கு நேர் சொல்லணும்."

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன், அவரு சொல்லிடுவாரு" என்றார் தனசேகர்.

"நான் ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டுப் போறேன். கேட்கிறவங்க கேட்டுக்கட்டும்" என்றாள் மகேஸ்வரி.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அதுக்கே மூச்சு வுட முடியல, உங்க தபால வேற அது சுமக்கணுமா? பிளான்ட்ல நீ அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் மூஞ்சியப் பாக்காம இறங்கி வந்துடுவியா தம்பி? நீ வார்டுல பேஷன்ட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லாம கெளம்பிடுவியா? ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசினா மீன் பொழைக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, நான் என் பக்கெட்ட எடுத்துகினு போறேன்."

அதில் கொஞ்சம் நாடகமும் உண்டு. அவர்கள் முடியாது என்றிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். பிறகு மகேஸ்வரி தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "காலையில நான் எடுக்கறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெளிவில்லை. "சரி" என்றார் தனசேகர். பெரியவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அன்றே முதல் பக்கெட்டை நானே எடுத்துக் காட்டிவிட்டு வந்தேன். அடுத்தடுத்த நாட்களில் மீட்டரோடு போய்ப் பார்த்தேன். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போனபோது அவர்களின் ஒப்படைப்பையும் பார்த்தேன். "ஒரு பக்கெட் எடுத்தாச்சு." "ம்." அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது, "ஒரு பக்கெட் எடுத்தாச்சு. சாப்பாடு மேடை மேல இருக்கு" என்றாள் மகேஸ்வரி. "ம். நீ சாப்ட்டியா?" என்றார் தனசேகர். இந்தத் தடவை கேள்வி மீனிடம் கேட்கப்படவில்லை. ஃபோர்மேனின் செவுளும் நிதானத்துக்கு வந்திருந்தது. வெயிலில் சூடான தண்ணீரிலும் பம்ப் கொடுத்த நல்ல காற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உப்பால் கெட்ட தொட்டி என்று உங்களைக் கூப்பிட்டால், எவ்வளவு போட்டீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள். அதற்கு உண்மையான பதில் வராது. வீட்டில் எத்தனை பேர், யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று கேளுங்கள். அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மீதிக்கு மீட்டர் இருக்கிறது.

கடைசியாகச் சரிபார்க்கப் போன அன்று தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. தனசேகர் வீட்டிலிருந்துதான். ஃபோர்மேன் போய்விட்டது, ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள் என்று நினைத்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க்.

உள்ளே மகேஸ்வரியின் குரல் கணீரென்று வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன அந்த மனையில நடுற வேலிக் கம்பியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அந்தப் பயத்துலதான் கேக்கல" என்று தனசேகரும் கத்தினார்.

"வேணாம்னு சொல்ற உரிமைகூட எனக்குக் கிடையாதா?"

நான் கேட்டைத் திறந்தேன். பெரியவர் அவசரமாக இறங்கி வந்து என் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மீன் எப்படி இருக்கு?" என்றேன்.

"அது சாப்ட்டுட்டு நல்லாத் தூங்குது. நீங்க உள்ள போவாதீங்கம்மா. இப்பதான் ஆரம்பிச்சிகினு இருக்காங்க." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பொங்கல்லேர்ந்து இந்த வூட்ல மனுஷக் கொரலே இல்ல. நடுவுல போய்க் கெடுத்துடாதீங்க."

உள்ளே ஏதோ பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது. தொடர்ந்து இருவர் குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன. பெரியவர் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி என்னிடம் கொடுத்தார். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, அவரோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்தேன்.